அவர் இப்போது எந்த மெஷினில் இருக்கிறார்?

ஒரே கம்ப்யூட்டரை முப்பது நாற்பது பேர் பங்குபோட்டுக்கொண்ட காலத்தில், ‘இப்போது யார் யார் இருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் சுலபம். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ‘ஹூ’ என்று அடித்தால் போதும். லாகின் செய்திருப்பவர்களின் பெயர், அவர்களுடைய டெர்மினல் (திரையும் கீபோர்டும் கொண்ட முனையம்), எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும். எல்லோரும் ஒரே மெஷினில் இருப்பதால் அந்த மெஷினுக்கு எல்லாம் தெரியும். 1980களில் நிலைமை மாறியது. ஆளுக்கொரு வொர்க்ஸ்டேஷன் என்ற தனிக் கணினி, அதில் பெரிய திரை, மவுஸ், திரை நிறைய ஜன்னல்கள், எல்லாவற்றையும் இணைக்கும் ஈதர்நெட் என்று வந்தபோது, இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது.

அரட்டை மென்பொருளின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஐஆர்சி என்ற பழைய குழு அரட்டையிலிருந்து நேராக ஐசிக்யூ என்ற மெசெஞ்சருக்குப் போய்விடுகிறார்கள். அவற்றுக்கு முன்பே வொர்க்ஸ்டேஷன்காரர்களுக்காகவே எழுதப்பட்ட செஃபிர் என்ற ஒன்று இருந்தது. அதைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உடனடிச் செய்தியில் சொற்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சின்ன வேலை. ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கண்டுபிடித்ததை யாருக்குச் சொல்லலாம் என்பதை அந்த ஆளிடமே விடுவது அதைவிடப் பெரிய வேலை. செஃபிரை எழுதியவர்கள் இரண்டையும் சேர்த்தே யோசித்தார்கள்.

அதற்கு முன்னால் இருந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

‘ரைட்’ என்ற கட்டளை 1971-ல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இருக்கிறது. நண்பரின் பெயரைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு வரியும் அவருடைய டெர்மினலில் போய் விழும். அவர் எடிட்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தால் அதன் நடுவிலேயே விழும். கோப்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் திரை அலங்கோலமாகிவிடும்; மறுபடி வரையச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் அடித்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், கையேடே ஒரு நடைமுறையைச் சொல்லிக்கொடுத்தது. நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்பதற்கு ஒரு ‘ஓ’. பேச்சே முடிந்தது என்பதற்கு இரண்டு ‘ஓ’. வயர்லெஸ்ஸில் ‘ஓவர்’ சொல்லும் வழக்கம் அப்படியே இங்கே வந்திருக்கிறது. தொந்தரவு வேண்டாம் என்றால் ‘மெஸ்ஜ்’ என்ற கட்டளையால் டெர்மினலை அடைத்துக்கொள்ளலாம். அடைத்தால் சக பயனர்கள் எல்லோருக்கும் அடைப்பு, திறந்தால் எல்லோருக்கும் திறப்பு. இன்னார் மட்டும் வரலாம் என்று சொல்ல வழி இல்லை.

1983-ல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் ‘டாக்’ வந்தது. திரை குறுக்கே இரண்டாகப் பிரியும். மேல்பாதியில் நீங்கள் அடிப்பது, கீழ்ப்பாதியில் எதிராளி அடிப்பது. இதில் வரி முடியும்வரை காத்திருப்பது கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்கப் போய்ச் சேரும். இந்த யோசனை டாக்கோடு தொடங்கியதல்ல. 1973-லேயே இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பில் டக் பிரவுன், டேவிட் வூலி இருவரும் ‘டாக்கோமேட்டிக்’ என்று ஒன்றைச் செய்திருந்தார்கள். பிளாஸ்மா திரையில் பலர் ஒரே நேரத்தில் பேசலாம், எழுத்து எழுத்தாகவே வரும். ஆனால் பிளேட்டோவுக்குப் பின்னால் இருந்தது ஒரு மையக் கம்ப்யூட்டர். ‘டாக்’ இரண்டு தனித்தனி மெஷின்களுக்கு நடுவே ஓடியது.

நான் படித்த ஆய்வகத்தில் இந்த ‘டாக்’தான் எங்களுக்கு எல்லாமே. மாடியில் ஒரு சீனியர் அண்ணா இருப்பார், கீழே நாங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். ‘அண்ணா, அந்த டிராஃப்ட் எப்ப பார்ப்பீங்க?’ என்று கேட்டால், கீழ்ப்பாதியில் ‘நாளைக்கு’ என்று எழுத்து எழுத்தாக வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் நகராது. அப்புறம் அந்த ‘நாளைக்கு’ பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழியும். ‘சரி, இன்னைக்கு ராத்திரி பார்த்துடறேன். சாப்ட்டியா?’ என்று வரும். அவர் தன் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எனக்கு நேரம் ஒதுக்குகிறார் என்பதை அந்த அழிப்பில் பார்த்துவிடுவேன். இன்றைய செயலிகளில் ‘டைப் செய்கிறார்’ என்று மூன்று புள்ளி துள்ளுவது இதற்கு ஈடாகாது. என்ன மனசு மாறியது என்பதை அந்தப் புள்ளிகள் சொல்லாது.

அந்த அழிப்பு சரியாகத் தெரிவதற்குப் பின்னால் அழகான ஒரு வேலைப்பாடு உண்டு. ஒவ்வொரு டெர்மினலிலும் பேக்ஸ்பேஸ் விசை ஒரே குறியீட்டை அனுப்புவதில்லை. ஒன்று கண்ட்ரோல்-எச் அனுப்பும், இன்னொன்று டெலீட் அனுப்பும். அதனால் இணைப்பு கிடைத்தவுடன், பேச்சு தொடங்குவதற்கு முன்பே, இரண்டு பக்கமும் மூன்று பைட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். என் பக்கத்தில் ஓர் எழுத்தை அழிக்கும் குறியீடு இது, முழு வரியை அழிப்பது இது, ஒரு சொல்லை அழிப்பது இது. அவ்வளவுதான். அதை வைத்து எதிர்த்திரை உங்கள் விசைகளைப் புரிந்துகொள்ளும். சத்தமில்லாமல் நடக்கும் இந்த மூன்று பைட் அறிமுகத்தைப் படித்த அன்று, அதை எழுதிய ஆள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அதே மென்பொருளில் ஒரு கோளாறும் இருந்தது. முதல் ‘டாக்’ வாக்ஸ் என்ற வகை மெஷின்களில் எழுதப்பட்டது. செய்திக் கட்டமைப்பை நினைவகத்தில் இருந்தபடியே எடுத்து வலையில் அனுப்பிவிட்டார்கள். வாக்ஸில் ஓர் எண்ணின் சிறிய பைட் முதலில் வரும். மோட்டோரோலா 68000 வகைச் சில்லில் ஓடும் வொர்க்ஸ்டேஷன்களில் பெரிய பைட் முதலில் வரும். ஆக, இரண்டு வகை மெஷின்களும் ஒரே ஈதர்நெட் கம்பியில் இருந்தும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை. பின்னால் வந்த பிஎஸ்டி பதிப்பில் சரிசெய்தார்கள்; ஆனால் பழையது 517-ஆம் போர்ட்டிலும் (வலை இணைப்புக்கான வாசல் எண்) புதியது 518-ஆம் போர்ட்டிலும் தனித்தனியாக ஓடின. ‘அழைத்தவரின் மெஷினில் அழைப்பைத் தேடுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிட்டால், இரண்டு பக்கமும் வேறு வேறு ‘டாக்’ என்று அர்த்தம்.

சரி, இதற்கெல்லாம் மேலே ஜன்னல்கள் வந்து சேர்ந்தன.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1984-ல் பாப் ஷைஃப்ளர் தொடங்கிய, திரையில் ஜன்னல்களை வரையும் எக்ஸ் விண்டோ அமைப்பு, 1987 செப்டம்பரில் எக்ஸ்11 என்ற வடிவத்தில் வெளிவந்தது. எக்ஸில் வேலை செய்கிறவர் சாதாரணமாக நாலைந்து எக்ஸ்டெர்ம் ஜன்னல்கள் திறந்து வைத்திருப்பார். யூனிக்ஸைப் பொறுத்தவரை ஒவ்வொரு ஜன்னலும் ஒரு டெர்மினல். ‘ஹூ’ அடித்தால் ஒரே ஆளின் பெயர் ஐந்து முறை வரும். இப்போது அவருக்கு ‘ரைட்’ அனுப்பினால் எந்த ஜன்னலில் விழும்? சுருக்கி ஓரத்தில் வைத்திருக்கும் ஜன்னலில் விழுந்தால் அவர் பார்க்கவே மாட்டார். எக்ஸ்டெர்மை லாகின் பதிவேட்டில் சேர்க்காமல் தொடங்கவும் ஒரு வழி இருந்தது. அப்படித் தொடங்கியவர் அந்த ஜன்னல்களில் இல்லாதவராகவே கருதப்படுவார். எதிரே இவ்வளவு பெரிய திரை இருக்கிறது, அதில் ஒரு செய்தியைக் காட்ட உருப்படியான இடம் இல்லை. டெர்மினல் என்பதே முகவரி என்று வைத்து எழுதிய கருவிகள் எல்லாம் இங்கே தடுமாறின.

எம்ஐடியின் அதீனா திட்டத்தில் இந்தத் தடுமாற்றம் இன்னும் ஒரு படி மேலே. 1983-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐபிஎம் இரண்டின் ஆதரவோடு தொடங்கிய வளாகக் கணினித் திட்டம் அது. முதலில் வாக்ஸ் 11/750 மெஷின்களைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் பழைய முறை, அப்புறம் வொர்க்ஸ்டேஷன்கள். வளாகம் முழுக்கப் பொது அறைகளில் அவை வரிசையாக இருந்தன. எந்த மாணவரும் எந்த மெஷினிலும் உட்காரலாம். கெர்பரோஸ் உங்களை இன்னார் என்று உறுதிப்படுத்தும், ஹெசியோட் உங்கள் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று தேடித்தரும், உங்கள் டைரக்டரி அந்த மெஷினுக்கு வந்துவிடும். எழுந்து போனால் அடுத்தவர் உட்கார்ந்து அதையே தன் மெஷினாக்கிக்கொள்வார். இதில் ‘டாக்’ அடிக்க வேண்டுமென்றால் நண்பர் இந்த நிமிஷம் எந்தக் கட்டடத்தில், எந்த மெஷினில் இருக்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கான மெஷின்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

செஃபிர் அங்கேதான் பிறந்தது. 1988 பிப்ரவரியில் டல்லஸில் நடந்த யூஸ்னிக்ஸ் என்ற யூனிக்ஸ்காரர்கள் மாநாட்டில் டெல்லாஃபெரா, ஐக்கின், ஃபிரெஞ்ச், ஜெட்லின்ஸ்கி, கோல், சாமர்ஃபெல்ட் ஆகிய ஆறு பேர் அதைப் பற்றிய கட்டுரையைக் கொடுத்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. ஒவ்வொரு வொர்க்ஸ்டேஷனிலும் ஒரு சின்னப் புரோகிராம் பின்னணியில் ஓடும். நீங்கள் ‘ஜெட்ரைட்’ என்று அடித்து நண்பரின் பெயரைக் கொடுத்தால், செய்தி முதலில் அந்தப் புரோகிராமிடம் போகும். அது யுடிபி என்ற, போய்ச் சேர்ந்ததா என்று உறுதி தராத வலை முறை வழியாக சர்வருக்கு அனுப்பும். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பும். யார் எந்த மெஷினில் லாகின் செய்திருக்கிறார்கள் என்ற விவரம் சர்வரிடம் இருக்கும். சர்வர்கள் பல, அந்த விவரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும், ஒன்று விழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். நண்பர் இருக்கும் மெஷினுக்குச் செய்தி போனதும், அவர் திரையில் ஒரு சிறிய ஜன்னல் எழும்பும். எந்த எக்ஸ்டெர்மையும் அது தொடாது. யார், எத்தனை மணிக்கு, எந்த மெஷினிலிருந்து அனுப்பினார் என்பது அதில் இருக்கும். அனுப்பியவர் உண்மையிலேயே அவர்தானா என்பதை கெர்பரோஸ் உறுதிசெய்ததா இல்லையா என்பதும் அதிலேயே தெரியும். படித்துவிட்டு மவுஸால் ஒரு கிளிக், ஜன்னல் போய்விடும். நண்பர் இல்லையென்றால், லாகின் செய்யவில்லை அல்லது செய்தி வாங்கிக்கொள்ளவில்லை என்று அனுப்பியவருக்கு உடனே பதில் வரும். செய்தியைச் சேமித்து வைத்து அப்புறம் கொடுக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. சேமிக்க வேண்டியதற்குத்தான் மெயில் இருக்கிறதே.

இந்தச் சின்ன ஜன்னல் எங்கே எழும்ப வேண்டும், யாருடைய செய்தி என்ன நிறத்தில் வர வேண்டும் என்பதையெல்லாம் பயனரே ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். அதற்கென்றே குட்டி நிரல்மொழி ஒன்று கொடுத்திருந்தார்கள். செய்திக்குள் தடித்த எழுத்து, சாய்வெழுத்து போடவும் குறிகள் உண்டு. மெயில் வந்திருக்கிறது, கோப்பு சர்வர் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறது போன்ற அறிவிப்புகளும் இதே வழியில்தான் வந்தன. மனிதர்கள் பேசவும் மெஷின்கள் தகவல் சொல்லவும் ஒரே குழாய். இன்றைய கைபேசி நோட்டிஃபிகேஷனை அன்றே பார்த்தது போல இருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் கவர்ந்தது இன்னொன்று. யார் எங்கே இருக்கிறார் என்று தேட ‘ஜெட்லொகேட்’ என்ற கட்டளை இருந்தது. உங்களுக்கு வேண்டியவர்களின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று இன்னொரு கட்டளை சொல்லும். அவர்கள் லாகின் செய்யும்போதும் போகும்போதும் உங்களுக்குச் செய்தி வரும். பின்னாளில் 1997-ல் ஏஓஎல் மெசெஞ்சரோடு ஊரறிந்த ‘பட்டி லிஸ்ட்’ என்ற நண்பர் பட்டியலின் வேலை இதுதான். இவ்வளவு துல்லியமாக ஆளைக் காட்டிக்கொடுக்கும் கருவியை எழுதியவர்கள் அதோடு நிற்கவில்லை. வெளியே தெரிவதற்கு ஆறு நிலைகளை வைத்தார்கள். முதல் நிலையில் நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. இரண்டாவதில் கணினிகளைப் பராமரிக்கும் ஊழியர்களுக்கு மட்டும். மூன்றாவதில், உங்கள் வளாகத்துக்குள் யாராவது உங்கள் பெயரைச் சொல்லித் தேடினால் தெரியும், தானாக யாருக்கும் அறிவிக்காது. நான்காவதில் வந்ததையும் போனதையும் வளாகத்துக்குள் அறிவிக்கும். ஐந்தும் ஆறும் இதே இரண்டும், ஆனால் வளாகத்துக்கு வெளியேயும். இது தவிர, நடுவில் கொஞ்ச நேரம் மறைந்துகொள்ளத் தனியாக ஒரு கட்டளையும் உண்டு.

மூன்றாவது நிலையையும் நான்காவது நிலையையும் பிரித்ததுதான் நுட்பம். ‘என்னைத் தேடுகிறவருக்கு நான் கிடைப்பேன்’ என்பதும் ‘நான் வந்துவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்’ என்பதும் வேறு வேறு ஆசைகள். வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருப்பதை யார் பார்க்கலாம் என்று நாமே தீர்மானிக்கும் வசதி 2022-ல்தான் வந்தது. 1980களின் இறுதியிலேயே ஒரு பல்கலைக்கழகக் குழு அதை ஆறு படியாக யோசித்து வைத்திருந்தது. லாபம் கிடைக்கும் என்பதற்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. சர்வரை நடத்துகிறவர்களும் அதே வளாகத்தில் அதே மெஷின்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஒளிந்துகொள்ள வேண்டிய நாள் அவர்களுக்கும் வரும்.

அடுத்தது குழுப்பேச்சு. செஃபிரில் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று அடையாளம்: வகுப்பு, அதற்குள் ஒரு தலைப்பு, பெறுநர். எதைக் கேட்க விருப்பமோ அதற்குச் சந்தா சொல்லிவைக்க வேண்டும். பெறுநர் இடத்தில் ஒருவர் பெயர் இருந்தால் தனிச்செய்தி. ‘யாராயினும்’ என்று இருந்தால், அந்த வகுப்புக்கும் தலைப்புக்கும் சந்தா வைத்திருக்கும் எல்லோருக்கும் போகும். அரட்டை அறையை யாரும் ‘உருவாக்க’ வேண்டியதில்லை, அதற்கு உரிமையாளர் இல்லை, யாரையும் சேர்க்க வேண்டியதும் இல்லை. ஒரு தலைப்பில் பேச ஆரம்பித்தால், கேட்க ஆள் இருந்தால், அது இருக்கிறது. பேச்சு நின்றால் அது இல்லை.

இப்படித் தானாக வளர்ந்ததில் புகழ்பெற்றது ‘ஹெல்ப்’ என்ற தலைப்பு. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், தெரிந்தவர் யாராயினும் பதில் சொல்லலாம். பதில் சொல்வது யாருடைய உத்தியோகமும் அல்ல. (அதற்கென்று அதீனாவில் தனியாக ஒரு ஆன்லைன் ஆலோசனை அமைப்பே இருந்தது.) மார்க் ஆக்கர்மன், லெய்ஸியா பேலன் இருவரும் இதை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சம்பளமோ கட்டாயமோ இல்லாமல் இது எப்படி ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது என்பதுதான் அவர்களுக்கு அதில் இருந்த ஆர்வம்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு தலைப்பை யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சாதாரணப் பயனருக்குத் தெரிய வழி கிடையாது. பேசாமல் கேட்கிறவர்கள் பத்துப் பேரா, ஐந்நூறு பேரா? தான் எங்கே இருக்கிறோம் என்பதை மறைத்துக்கொள்ள ஆறு நிலை கொடுத்த மென்பொருள், பேசுகிறவருக்கு எதிரே இருக்கும் கூட்டத்தைக் காட்டவில்லை. கேட்கிறவரின் தனிமையைக் காத்த அளவுக்குப் பேசுகிறவரைக் காக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. முழுக்கச் சரியான தீர்வு இன்றைக்கும் எந்தச் செயலியிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதையாவது காட்டியிருக்கலாம்.

பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன், அயோவா ஸ்டேட் என்று வேறு சில பல்கலைக்கழகங்களும் செஃபிரை எடுத்துக்கொண்டன. ஆனால் உலகத்துக்குப் போனது அது இல்லை. 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஔலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதிய ஐஆர்சிதான் பரவியது. காரணம் எளிது. செஃபிரை முழுசாக நிறுவ கெர்பரோஸ் வேண்டும், சர்வர்கள் வேண்டும், எல்லா மெஷின்களையும் ஒரே கையில் வைத்திருக்கும் நிர்வாகம் வேண்டும். ஐஆர்சிக்கு ஒரு சர்வர் முகவரியும் ஒரு புனைபெயரும் போதும். ஆள் உண்மையிலேயே அவர்தானா என்ற கேள்வியையே அது கேட்கவில்லை. வேகமாகப் பரவியதற்கும், பின்னால் புனைபெயர்ச் சண்டைகள் வந்ததற்கும் அதுவே காரணம். 1996 நவம்பரில் டெல் அவிவின் மிராபிலிஸ் நிறுவனம் ஐசிக்யூவைக் கொண்டுவந்தபோது, யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது. கூடவே அந்தப் பட்டியல் ஒரு கம்பெனியின் சர்வருக்கும் போனது.

எம்ஐடியில் மாணவர்கள் சொந்த லேப்டாப்புக்கு மாறியதும், பொது அறை வொர்க்ஸ்டேஷனை நம்பி எழுதிய எழும்பும் ஜன்னல்கள் பொருத்தமில்லாமல் போயின. அவர்கள் எஸ்எஸ்எச் என்ற தொலை லாகின் வழியாக ஒரு சர்வருக்குள் போய், அங்கே முழுக்க எழுத்துத் திரையில் ஓடும் ‘அவுல்’, பிற்பாடு ‘பார்ன்அவுல்’ என்ற மென்பொருள்களில் செஃபிரைப் படித்தார்கள்.

அப்புறம் 2012-ல் எம்ஐடியில் படித்தவர்கள் சிலர் சேர்ந்து ஜூலிப் என்ற குழு அரட்டை மென்பொருளைத் தொடங்கினார்கள். 2014-ல் டிராப்பாக்ஸ் அதை வாங்கியது, 2015-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும்: சேனலில் போடும் ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ்தான் போகும். வேறு கருவிகளிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் இது எரிச்சலாக இருக்கும். செஃபிரின் வகுப்பும் தலைப்பும்தான் அது, அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் நாலு ஊரில் நாலு நேரமண்டலத்தில் ஆட்கள். காலையில் எழுந்து பார்க்கும்போது, இரவு நடந்த இருநூறு செய்திகளில் எனக்கு வேண்டிய இரண்டு தலைப்பை மட்டும் படித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிட முடிகிறது. அந்த வசதிக்காகவே நாங்கள் வேறு எதற்கும் மாறவில்லை.

குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் ‘இந்தத் தலைப்பு எதுக்கு சார் கட்டாயம்?’ என்று கேட்பார்கள். அவர்களுக்கு வாக்ஸிலிருந்து ஆரம்பித்துச் சொல்லப் பொறுமை இருக்காது. இனி இந்தக் கட்டுரையின் சுட்டியைக் கொடுத்துவிடலாம்.